நாற்பது பேர் கேட்ட பாட்டை ஊரே கேட்கும்போது

கேள்வி: அண்ணா, எனக்கு 28 வயது. சொந்த ஊர் மதுரை, வேலை சென்னையில். 2017இல் ஒரு மொட்டை மாடி நிகழ்ச்சியில் ஒரு பேண்டைப் பார்த்தேன், மொத்தமே நாற்பது பேர்தான் இருந்தோம். அதற்கப்புறம் அவர்கள் எங்கே வாசித்தாலும் போய்விடுவேன். ஒருநாள் டிரம் பெட்டிகளை மூன்று மாடி தூக்கி ஏற்றியிருக்கிறேன், பாடகருக்கு என் பெயர் தெரியும். போன வருஷம் அவர்களுடைய பழைய பாட்டு ஒன்றைப் புதிதாக ரெக்கார்ட் பண்ணி ஒரு படத்தில் போட்டார்கள். இப்போது எந்தக் கல்யாண ரீலைத் திறந்தாலும் அதுதான். ஆபீஸில் ஒரு ஜூனியர் என்னிடமே வந்து, "இந்தப் பாட்டு கேட்டிருக்கீங்களா, செமயா இருக்கும்" என்று இயர்போனை நீட்டினான். ஒரு கல்லூரி மைதானத்தில் அவர்கள் நிகழ்ச்சிக்குப் போய்விட்டுப் பாதியில் கிளம்பி வந்தேன். அன்றிலிருந்து அவர்கள் பாட்டு தானாக வந்தால்கூடத் தள்ளிவிடுகிறேன். 2018இல் அதே பாட்டை என் போனில் வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன், நடுவில் என் குரல்கூடக் கேட்கும். அதையும் கேட்க மனசு வரவில்லை. நண்பன் "உனக்குப் பொறாமைடா" என்கிறான். மாறியது அவர்களா, நானா? (பெயர் வேண்டாம், ப்ளீஸ்.)

தம்பி,

நான் மனநல ஆலோசகர் இல்லை. இருபத்திரண்டு வருஷமாக மேடைக்கு எதிரே மிக்ஸர் முன்னால் நிற்கிற சவுண்ட் இன்ஜினியர். எந்த மைக் வாங்கலாம், வீட்டு அறையில் எதிரொலியை எப்படிக் குறைக்கலாம் என்றுதான் எனக்கு வழக்கமாகக் கடிதம் வரும். உங்களுடையதை மூன்று தடவை படித்தேன், ஏனென்றால் அதில் இருக்கிற ஆளை எனக்கு நன்றாகத் தெரியும். உங்களைத் தெரியாது, உங்கள் மாதிரி ஆளை. ஒவ்வொரு குழுவுக்கும் பதினைந்து இருபது பேர் அப்படி இருப்பார்கள், மிக்ஸருக்குப் பக்கத்திலோ முன்வரிசையின் இடது ஓரத்திலோ எப்போதும் ஒரே இடத்தில் நிற்பார்கள், சவுண்ட் செக் முடியும் முன்பே வந்துவிடுவார்கள், சில சமயம் கேபிள் சுற்றித் தருவார்கள். குழு கொஞ்சம் பெரிசானதும் ஒருநாள் பார்த்தால் அந்த இடத்தில் வேறு யாரோ போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

நண்பர் சொன்ன பொறாமையை முதலில் பார்த்துவிடலாம். அவர்களுக்குக் கிடைத்தது நமக்குக் கிடைக்கவில்லையே என்று எரிந்தால் அது பொறாமை. நீங்கள் பாடகராக ஆசைப்பட்டதாக ஒரு வரிகூடக் கடிதத்தில் இல்லை. உங்களுக்கு எரிகிற இடம் அந்த ஜூனியர் நீட்டிய இயர்போன். மைதானத்தைப் பற்றி எழுதும்போதுகூட உங்கள் கை இவ்வளவு சூடாகவில்லை. டிரம் பெட்டி தூக்கினவனிடம் வந்து "கேட்டிருக்கீங்களா" என்றால் என்ன பதில் சொல்வது? "நான் 2017லேயே" என்று ஆரம்பித்தால் நமக்கே சங்கடமாக இருக்கும், சும்மா இருந்தாலோ தொண்டையில் நிற்கும். பாவம், அவன் நல்ல மனசோடுதான் நீட்டினான்.

இது ஏன் இப்படிக் குத்துகிறது என்பதை ஜோனா பெர்கர், சிப் ஹீத் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு ரப்பர் பட்டையை வைத்துச் சோதித்தார்கள், கட்டுரை 2008இல் வந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் விடுதியில் மஞ்சள் கைப்பட்டைகளை விற்றார்கள், அப்போது அமெரிக்காவில் புற்றுநோய் நிதிக்காகப் பலரும் போட்டுக்கொண்டிருந்த பட்டை. ஒரு வாரம் கழித்து, பக்கத்திலேயே இருந்த புத்தகப்புழுக்களின் விடுதி என்று பெயரெடுத்த இன்னொரு விடுதியிலும் அதே பட்டையை விற்றார்கள். அவ்வளவுதான் செய்தது. முதல் விடுதியில் போட்டிருந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் கழற்றிவிட்டார். அலுத்துப்போய்க் கழற்றினார்களோ என்றால் அதுவும் இல்லை. வளாகத்தின் இன்னொரு பக்கம் இருந்த, இந்தப் பக்கத்து வீட்டுத் தொல்லை இல்லாத விடுதியில் கழற்றியவர்கள் ரொம்பக் கொஞ்சம். பட்டை அதே பட்டைதான், ஆனால் எதிரே வருகிறவன் அதைப் பார்த்துவிட்டு "இவன் எந்த ஆளு" என்று போடுகிற கணக்கு மாறிவிட்டது. 2018இல் அந்தப் பாட்டை பஸ்ஸில் முணுமுணுத்து, பக்கத்தில் ஒருவர் திரும்பிப் பார்த்து "அட, நீங்களுமா" என்றிருந்தால் அன்றைக்கே நண்பராகியிருப்பீர்கள். இன்றைக்கு முணுமுணுத்தால் கல்யாண வீடியோ எடிட்டர் என்று நினைப்பார்கள்.

நம் ஊரில் இதில் ஒரு வேடிக்கை உண்டு, சினிமா ரசிகனுக்கு இந்த வியாதியே வராது. தன் ஆள் படம் நாலு நாட்டில் ஓடினால் அவனுக்குத் திருவிழா. முதல் நாள் முதல் காட்சியில் பக்கத்து சீட்டுக்காரன் நேற்றுதான் ரசிகனானானா என்று எவனும் விசாரிப்பதில்லை, கூட்டம் சேரச் சேர அவனுக்குக் கெத்து. இளையராஜாவை ஊரே கேட்கிறது என்பதற்காக யாரும் அவரை விட்டுவிட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. "பழைய ரஹ்மான் மாதிரி இல்லை" என்பார்கள்தான், அது வேறு புகார். 1992இல் ரோஜா வந்தபோது, விளம்பரத் துறையிலும் ஸ்டூடியோக்களிலும் இருந்தவர்களைத் தவிர மற்ற எல்லாருக்கும் ரஹ்மான் ஒரே சமயத்தில்தான் கிடைத்தார், யாருக்கும் "எனக்கு முன்னமே தெரியும்" என்று சொல்ல வழியில்லை. படத்துக்கு வெளியே தனியாகப் பாட்டுப் போடுகிற சின்னக் குழுக்களின் ரசிகனுக்குக் கணக்கு தலைகீழ். ஆட்கள் குறைவாக இருப்பதில்தான் அவன் பெருமை இருக்கிறது, அதே சமயம் இந்தப் பசங்க எப்படியாவது மேலே வரணும் என்று மனசார வேண்டிக்கொள்கிறவனும் அவன்தான். வேண்டுதல் பலித்தால் அவனுக்கே நஷ்டம்.

இது ரீல்ஸ் வந்ததால் வந்த கோளாறு என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி ஊரில், கில்மன் தெரு 924ஆம் எண்ணில் கிடங்கு மாதிரி ஒரு இடம் இருக்கிறது. 1986 டிசம்பர் 31 இரவு அங்கே முதல் நிகழ்ச்சி நடந்தது. தன்னார்வலர்கள் நடத்துகிற இடம், மது கிடையாது, எந்த வயதுப் பையனும் பெண்ணும் ஒரு உறுப்பினர் அட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போகலாம். பங்க் என்கிற வேகமான, முரட்டு ராக் இசைக்காரர்களுக்கு அதுதான் வீடு. அந்த வீட்டில் அப்போது ஒரு கறாரான விதி இருந்தது: பெரிய ரெக்கார்ட் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்ட குழு அந்த மேடையில் ஏறக் கூடாது. கிரீன் டே என்ற குழுவின் பையன்கள் பதின்ம வயதிலிருந்தே அந்த மேடையில் வாசித்து வளர்ந்தவர்கள். லுக்அவுட் என்ற உள்ளூர்ச் சின்ன நிறுவனத்தில் இரண்டு ஆல்பம் போட்டார்கள், அப்புறம் 1993இல் வார்னர் என்ற பெரிய கம்பெனியைச் சேர்ந்த ரிப்ரைஸில் கையெழுத்து. 1994 பிப்ரவரி 1ஆம் தேதி 'டூக்கி' ஆல்பம் வந்தது, அமெரிக்காவில் மட்டுமே ஒரு கோடிப் பிரதிக்கு மேல் போனது. விதிப்படி கில்மன் கதவு மூடிக்கொண்டது, அது அவர்களுக்கும் தெரிந்ததுதான். ஆனால் விதியோடு நிற்கவில்லை, பாடகர் பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங் சாகணும் என்று அங்கே கழிவறைச் சுவரில் எழுதி வைத்தார்கள். பக்கத்தில் நின்று ஆடின அதே கூட்டம்.

இதில் உங்களுக்குத் தேவையான விஷயம் ஒன்று இருக்கிறது. 'வெல்கம் டு பாரடைஸ்' என்ற பாட்டு லுக்அவுட்டில் வந்த இரண்டாவது ஆல்பத்திலும் இருக்கிறது, மறுபடி பதிவு செய்யப்பட்டு 'டூக்கி'யிலும் இருக்கிறது. நல்ல ஹெட்போனில் இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். இரண்டாவதில் டிரம் இன்னும் தெளிவு, கிதார் இன்னும் தடிமன், காசு செலவழித்தது தெரியும். பாட்டு அதேதான், வரிகளும் அதே வரிகள். முதலாவது உண்மையானது, இரண்டாவது துரோகம் என்று காதை மட்டும் வைத்து யாராலும் தீர்ப்புச் சொல்ல முடியாது. 1995இல் தங்களை வெளியே தள்ளியதைப் பற்றியே '86' என்று ஒரு பாட்டுப் போட்டார்கள், ஆளை உள்ளே விடாமல் துரத்துவதற்கு அங்கத்திய பார்களில் சொல்கிற சொல் அது. 2015 மே 17 அன்று அதே கில்மன் மேடையில், தீ விபத்தில் அடிபட்ட ஒரு பதிப்பகத்துக்கும் ஒரு அச்சகத்துக்கும் நிதி திரட்ட வாசித்தார்கள். சுவரில் எழுதின பசங்களுக்கு அதற்குள் நாற்பது வயது தாண்டியிருக்கும், தொப்பையோடு.

கில்மன்காரர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது என்பேன். கம்பெனிக்காரன் தயவு இல்லாமல், வாசலில் டிக்கெட் கிழிப்பதிலிருந்து கழிவறை கழுவுவது வரை தாங்களே செய்து ஒரு இடத்தைக் கட்டியிருந்தார்கள். ஒரு குழு மேலே போனால் அடுத்த நாள் அந்த வாசலில் செக் புத்தகத்தோடு ஆட்கள் வந்து நிற்பார்கள், மற்ற குழுக்களும் அவர்களுக்காக வாசிக்க ஆரம்பிக்கும். புதிதாக வருகிற கூட்டத்தைப் பார்த்து மேடையில் இருப்பவர்களே மிரண்டதும் உண்டு. நிர்வாணா என்ற அமெரிக்கக் குழுவின், 1989இல் வந்த முதல் ஆல்பம் சுமார் 600 டாலர் செலவில் பதிவானது. 1991 செப்டம்பரில் வந்த அடுத்த ஆல்பம் 1992 ஜனவரியில் மைக்கேல் ஜாக்சனின் ஆல்பத்தைத் தள்ளிவிட்டு அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது. அந்த வருஷக் கடைசியில் வந்த தொகுப்பின் உறையில் அந்தக் குழுவின் பாடகர் கர்ட் கோபேன் எழுதினார்: ஓரினச் சேர்க்கையாளர்களையோ வேறு நிறத்தவரையோ பெண்களையோ வெறுக்கிறவர்கள் தயவுசெய்து எங்கள் நிகழ்ச்சிக்கு வராதீர்கள், எங்கள் ரெக்கார்டை வாங்காதீர்கள் என்று. ரசிகர்களே போய்விடுங்கள் என்று கெஞ்சுகிற நிலைமைக்கு வந்துவிட்டார் மனுஷன்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். மாறியது அவர்களா? ஆமாம், மாறித்தான் இருக்கிறார்கள், நீங்கள் கற்பனை பண்ணவில்லை. ஆனால் மாறியதில் பாதி என் வேலையால் மாறியது, அதை நான்தான் சொல்லியாக வேண்டும்.

மொட்டை மாடியில் நாற்பது பேருக்கு டிரம்முக்கு மைக் தேவையே இல்லை. கிதார் சத்தம் அந்த ஆம்ப்ளிஃபயரிலிருந்து நேராக உங்கள் நெஞ்சுக்கு வரும், பாடகர் குரல் மட்டும்தான் ஸ்பீக்கர் வழியாக. உங்கள் காதுக்கு வந்ததில் பாதி, தோலிலிருந்தும் கம்பியிலிருந்தும் நேரடியாக வந்த சத்தம். பாட்டு பல்லவிக்கு வரும்போது கொஞ்சம் ஓடும், சரணத்தில் மூச்சு வாங்கும், யாருக்காவது நன்றாக இருந்தால் டிரம்மர் பாடகரைப் பார்த்துக் கண்ணைக் காட்டி இன்னும் நாலு சுற்று இழுப்பார். கம்பி அறுந்துபோய் மாற்றுகிற அஞ்சு நிமிஷத்தில் பேஸ் கிதார் வாசிக்கிறவர் ஹவுஸ் ஓனர் கதை ஏதாவது சொல்லி எல்லாரையும் சிரிக்க வைப்பார், அடுத்த வாரம் நீங்கள் அந்தக் கதையை ஞாபகப்படுத்துவீர்கள்.

மைதானத்தில் அய்யாயிரம் பேர் என்று வையுங்கள். காற்றில் சத்தம் ஒரு விநாடிக்கு 343 மீட்டர்தான் போகும், 100 மீட்டர் தள்ளி நிற்பவருக்குக் கிட்டத்தட்ட 0.3 விநாடி தாமதமாக வரும். அதனால் நடுவில் இன்னொரு வரிசை ஸ்பீக்கர் நிறுத்தி அதற்குக் கணக்குப் பண்ணித் தாமதம் கொடுக்க வேண்டும். எதிரே கட்டடம் இருந்தால் சத்தம் மோதித் திரும்பி வரும், வேகமான கிதார் அடி எல்லாம் கூழாகிவிடும். ஆகவே குழுக்கள் மெல்ல மெல்லப் பாட்டின் வேகத்தைக் குறைக்கும், இடைவெளி விடும், யாரும் சொல்லித்தராமலே. டிரம்முக்கு மட்டும் எட்டு மைக். படத்தில் வந்த வடிவத்தில் வயலின் கூட்டமும் கோரஸும் இருக்கிறதல்லவா, அது இல்லாவிட்டால் கூட்டம் ஏமாந்துபோகும் என்று அதை லேப்டாப்பிலிருந்து ஓட்டுவோம். லேப்டாப் ஓடினால் டிரம்மர் காதில் வேகம் மாறாமலிருக்க டிக் டிக் என்று க்ளிக் ஓடியாக வேண்டும், விளக்கும் பின்னால் திரையும் அதே க்ளிக்கோடு கட்டப்பட்டிருக்கும். இப்போது டிரம்மர் கண்ணைக் காட்டி நாலு சுற்று இழுக்க முடியுமா? இழுத்தால் வயலின் ஒரு பக்கம் போகும், பாட்டு ஒரு பக்கம் போகும். எந்தப் பாட்டுக்கு அப்புறம் எது என்று இரண்டு நாள் முன்பே லைட் ஆளுக்கு அனுப்பியாயிற்று. இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கி நின்றாக வேண்டும், சட்டம். அதனால் ஹவுஸ் ஓனர் கதை முதலில் வெட்டுப்படும்.

இன்னொன்றைச் சொன்னால் உங்களுக்கு வருத்தமாக இருக்கலாம், ஆனாலும் சொல்கிறேன். பெரிய மேடையில் பாடகரின் இரண்டு காதிலும் அச்செடுத்துச் செய்த மானிட்டர் என்கிற இயர்போன் அடைத்திருக்கும். நான் அனுப்புவது மட்டும்தான் அவருக்குக் கேட்கும். முன்வரிசையிலிருந்து நீங்கள் பாட்டுப் பெயரைக் கத்தினால் அவருக்கு விழாது. கூட்டம் இருக்கிறதே தெரியாமல் கண்ணாடிப் பெட்டிக்குள் பாடுகிற மாதிரி இருக்கிறது என்று பாடகர்கள் புலம்புவதால், மேடை ஓரத்தில் கூட்டத்தைப் பார்த்து இரண்டு மைக் வைத்து அதைக் கொஞ்சம் அவர் காதுக்கு அனுப்புவேன். அதில் அவருக்கு வருவது "ஹோ" என்று ஒரே இரைச்சல். அந்த இரைச்சலில் உங்கள் குரலும் எங்கோ இருக்கிறது, ஆனால் 2018இல் நீங்கள் கத்தினால் அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார் இல்லையா, அது இனி நடக்காது. உங்களுக்குப் போனது இதுதான் என்று நினைக்கிறேன். பாட்டு எங்கேயும் போகவில்லை, அது நடந்த இடத்தில் உங்களுக்கென்று இருந்த ஒரு அடி தரை போய்விட்டது. அதற்கான கோபம் நியாயம், ஆனால் பில்லை அவர்கள் பெயரில் போடுகிறீர்கள்.

அவர்கள் கணக்கையும் பாருங்கள். நாற்பது பேர், தலைக்கு 200 ரூபாய் என்றால் 8,000. சவுண்ட் வாடகை, வண்டி, ரிகர்சல் இடம் எல்லாம் போக அஞ்சு பேருக்கு ஆளுக்கு ஆயிரம் மிஞ்சினால் பெரிசு. பகலில் வேலைக்குப் போய்க்கொண்டு எத்தனை வருஷம் இப்படி ஓட்டுவார்கள்? இதற்குமேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

எனக்கு இது நடந்திருக்கிறது. ஒரு குழுவோடு ஆறு வருஷம் இருந்தேன், பெயர் வேண்டாம். சம்பளம் என்று பெரிசாக ஒன்றும் இல்லை, சில நாள் பிரியாணியோடு சரி. அவர்களுக்குப் பெரிய டூர் வந்தபோது ஏற்பாட்டாளர் தங்கள் ஆளையே மிக்ஸருக்குப் போட்டார்கள். பசங்க போன் பண்ணி வருத்தப்பட்டார்கள், நானும் "அதனால என்னப்பா" என்றேன். அப்புறம் ஒன்றரை வருஷம் அவர்கள் பாட்டு எதையும் கேட்கவில்லை. ஒரே ஒரு நிகழ்ச்சிக்கு டிக்கெட் எடுத்துப் போய், பின்னால் நின்றுகொண்டு, மிக்ஸ் மோசம், குரல் அமுங்கிக் கிடக்கிறது, பேஸ் குழம்புகிறது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒருநாள் அந்த நிகழ்ச்சியின் பதிவு கையில் கிடைத்தது. மிக்ஸ் நன்றாகத்தான் இருந்தது. உண்மையைச் சொன்னால் என்னுடையதைவிட நன்றாக.

அதனால்தான் 1965 ஜூலை 25இல் அமெரிக்காவின் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில், அந்த மேடையில் அதுவரை சாதாரண கிதாரோடு பாடிவந்த பாப் டிலன் மின்சார கிதாரோடு வந்து மூன்று பாட்டு வாசித்தபோது கூட்டம் கத்தியதைப் பற்றி யாராவது பேசினால் எனக்குச் சிரிப்பு வரும். துரோகம் என்று கத்தினார்கள் என்கிறார்கள் சிலர், இல்லை, சவுண்ட் சரியில்லை என்றுதான் கத்தினார்கள் என்கிறார்கள் சிலர், மூன்றே பாட்டில் இறங்கிவிட்டாரே என்ற கடுப்பு என்கிறார்கள் இன்னும் சிலர். அறுபது வருஷமாகத் தீரவில்லை. அடுத்த வருஷம் மே 17ஆம் தேதி மான்செஸ்டரில் ஒருவர் அவரைப் பார்த்து, ஏசுவைக் காட்டிக்கொடுத்தவன் பெயரைச் சொல்லி "யூதாஸ்" என்றே கத்தினார், அந்தப் பதிவில் சந்தேகத்துக்கே இடமில்லை. எங்கள் தொழிலில் "சவுண்ட் சரியில்லை" என்று யாராவது சொன்னால் உடனே மிக்ஸரைத் தொட மாட்டோம், அவர் எங்கே நின்றுகொண்டிருந்தார் என்று முதலில் கேட்போம்.

இனி என்ன செய்யலாம்? உடனே திரும்பிப் போங்கள், மறுபடி ரசியுங்கள் என்று சொல்ல மாட்டேன், வலுக்கட்டாயமாகப் பாட்டு கேட்பதைப் போல அபத்தம் வேறில்லை. கொஞ்ச நாள் விடுங்கள். அப்புறம் ஒரு ராத்திரி, படத்துக்கு அப்புறம் அவர்கள் போட்ட புதுப் பாட்டு இரண்டை மட்டும் கேளுங்கள், எத்தனை பேர் பார்த்தார்கள் என்கிற எண்ணைப் பார்க்காமல். இது அந்த மொட்டை மாடியில் வந்திருந்தால் எனக்குப் பிடித்திருக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிடிக்காது என்றால் தாராளமாக விட்டுவிடலாம், பழகின தோஷத்துக்காக மோசமான பாட்டைச் சுமக்க வேண்டியதில்லை. நண்பர் பொறாமை என்றால் சொல்லட்டும். பிடித்திருக்கும் என்றால் உங்கள் சண்டை பாட்டோடு இல்லை என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

கூட்டத்தைப் பற்றி ரொம்பக் கவலைப்படாதீர்கள். கோவாக்ஸ், ஷார்கி என்ற இரண்டு பேர் 2014இல் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள்: பெரிய பரிசு வாங்கின நாவல்களுக்கு, அதே பரிசின் இறுதிப் பட்டியலோடு நின்றுபோன நாவல்களைவிட, வாசகர்கள் கொடுக்கிற மதிப்பெண் அதிகமாக இறங்குகிறது. பரிசைப் பார்த்துவிட்டு, அந்த மாதிரிப் புத்தகமே பிடிக்காதவர்களும் வந்து வாங்குவது அதற்கு ஒரு காரணம். உங்கள் குழுவுக்கும் அதேதான். அந்த ஒரு பாட்டுக்காக வந்தவர்களில் பலர் இரண்டாவது பாட்டிலேயே போனை எடுத்துவிடுவார்கள், அடுத்த ரீல் வந்ததும் போய்விடுவார்கள். மைதானத்தில் கொஞ்சம் பொறுத்து நின்றிருந்தால் இதைப் பார்த்திருப்பீர்கள். மறுபடி போவதாக இருந்தால் முன்வரிசைக்கு அடித்துக்கொள்ளாமல் மிக்ஸருக்குப் பக்கத்தில் நில்லுங்கள், மொத்த மைதானத்திலும் சவுண்ட் நன்றாகக் கேட்கிற இடம் அதுதான், நாங்கள் எங்கள் காதுக்குத்தானே மிக்ஸ் பண்ணுகிறோம்.

அந்த ஜூனியரிடம் கோபப்படாமல் முதல் ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டை அனுப்புங்கள், யாரும் ரீல் போடாத பாட்டாகப் பார்த்து. "நான் அப்பவே" என்ற பேச்சு வேண்டாம், சும்மா லிங்க் மட்டும். பிடித்தால் அவனே வந்து கேட்பான், வராவிட்டால் உங்கள் பாட்டு பத்திரமாக உங்களிடமே இருக்கும்.

புதிதாக ஒரு சின்ன இடத்தைத் தேடிப் போவதும் நல்லதுதான். வாரக் கடைசியில் எங்காவது முப்பது பேருக்கு யாராவது வாசித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், அவர்களுக்கும் பெட்டி தூக்க ஆள் வேண்டும். ஆனால் அடுத்த தடவையும் இது நடக்கலாம் என்று தெரிந்தே போங்கள்.

கடைசியாக அந்த 2018 வீடியோ. நான் கூட வேலை செய்த குழுக்களில் ஒன்றிடம்கூட ஆரம்ப நாள் பதிவு உருப்படியாக இருந்ததில்லை. அந்த நாளில் யாரும் அதற்கெல்லாம் காசு வைத்திருப்பதில்லை, ஹார்ட் டிஸ்க் போயிருக்கும், போன் தொலைந்திருக்கும். ஒரு பாடகர் என்னிடம் "நாங்க அந்தப் பாட்டை முதல்ல எந்த வேகத்துல வாசிச்சோம்னு ஞாபகம் இருக்கா அண்ணே" என்று கேட்டார், க்ளிக்கோடு இரண்டு வருஷம் வாசித்ததில் அவருக்கே மறந்துவிட்டது. உங்களிடம் இருப்பது பல பேரிடம் இல்லாத சாமான். கேட்க மனசு வராவிட்டால் பரவாயில்லை, கேட்காமலே ஒரு பிரதி எடுத்து அவர்களுக்கு அனுப்புங்கள். இடமும் தேதியும் ஃபைல் பெயரில் இருக்கட்டும். உங்கள் குரல் வருகிற இடத்தை வெட்ட வேண்டாம். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வீடியோவாக அனுப்பாதீர்கள், நசுக்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.